முன் சக்கரம் இழுக்குமா?
மழைக்காலத்துக்குப் பழைய ஜீப் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை



ஆண்டு மலருக்குப் பாடத்தை ஒட்டி ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் கேட்டார். நான் நாலு வீல் டிரைவ் பற்றி எழுதுகிறேன் என்றேன். "அத யாருலே படிப்பா?" என்று சிரித்தார். அது தெரியாமல் எங்கள் வீட்டில் பத்தாயிரம் ரூபாய் போன கதையைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்ப அதையே எழுது" என்றார். எழுதியிருக்கிறேன். குறை இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

எனக்கு ஊர் சிவகிரி. அப்பாவும் அம்மாவும் மலை அடிவாரத்தில் ஒரு எலுமிச்சைத் தோப்பைக் குத்தகைக்குப் பார்க்கிறார்கள். காய் புளியங்குடி மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். தோப்பிலிருந்து தார் ரோடு வரை வண்டிப்பாதைதான். நடுவில் ஒரு ஓடை. கோடையில் குட்டியானை வண்டி தோப்பு வரை வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை பிறந்தால் அந்தப் பாதை சகதிக் காடு. போன வருஷம் கார்த்திகையில் ஐந்து நாள் அடைமழை. பறித்து வைத்த காய் அப்படியே இருந்து அழுகிவிட்டது. டிராக்டர்காரர் கேட்ட வாடகை காயின் விலையைவிட அதிகம்.

அன்று ராத்திரி அம்மா கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அப்பா முன்னால் வைத்தாள். "இத வச்சு ஒரு ஜீப்பு வாங்கிருங்க. நாலு சக்கரமும் இழுக்குமாமே" என்றாள். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் தெரியும். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அதுவும் ஆட்டோமொபைல் படிக்கிறவன். ஆகவே வண்டி பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நான் செய்த தப்பு

ஆனி மாதம் ஒரு புரோக்கர் ஒரு பழைய ஜீப்பைக் காட்டினார். பச்சைப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. புது சீட்டு, புது தார்பாய். கியர் லீவருக்குப் பக்கத்தில் இரண்டு சின்ன லீவர் இருந்தன. நான் ஒன்றைத் தள்ளினேன், 'டக்' என்று விழுந்தது. ஆர்.சி. புத்தகத்தை வாசித்தேன், சரியாக இருந்தது. "நாலு வீல் டிரைவ் இருக்குப்பா" என்றேன். அப்பா என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, பத்தாயிரம் ரூபாயை அட்வான்ஸாக எண்ணிக் கொடுத்தார்.

அதற்கடுத்த வாரம் ஒர்க் ஷாப் வகுப்பில் எங்கள் ஆசிரியர் ஒரு பழைய ஜீப்பின் அடிப்பாகத்தைக் காட்டி நடத்தினார். என்ஜின், கியர் பாக்ஸ், அதன் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ். அதிலிருந்து பின்னால் ஒரு பிரொப்பெல்லர் ஷாப்ட், முன்னால் ஒரு பிரொப்பெல்லர் ஷாப்ட். "லீவர் என்பது சுவிட்சு மாதிரிதான். ஒயர் இல்லாத வீட்டிலும் சுவிட்சு இருக்கலாம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

சனிக்கிழமை போய் அந்தப் பச்சை ஜீப்புக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். முன் பிரொப்பெல்லர் ஷாப்ட்டையே காணோம்! கழற்றிவிட்டு டிரான்ஸ்ஃபர் கேஸின் வாயை மட்டும் மூடியிருந்தார்கள். கிராஸ் தேய்ந்து சத்தம் போட்டாலோ, டீசல் மிச்சமாகட்டும் என்றோ இப்படிக் கழற்றிப் போடுகிறவர்கள் உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். அட்வான்ஸ் திரும்பி வரவில்லை. அப்பா என்னைத் திட்டவும் இல்லை. "விடுய்யா, பத்தாயிரம் பீஸு கட்டிப் படிச்சதா இருக்கட்டும்" என்றார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அந்தப் பீஸுக்கு நான் கற்றதைத்தான் கீழே வரிசையாகக் கொடுக்கிறேன்.

நாலு சக்கரம் ஏன் வேண்டும்?

சாதாரண லோடு வண்டியில் பின் சக்கரம் இரண்டுக்குத்தான் சக்தி போகிறது. நடுவில் டிபரன்ஷியல் இருக்கிறது. வளைவில் வெளிச் சக்கரம் அதிகத் தூரம் ஓட வேண்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. ஆனால் சகதியில் அதுவே எதிரி. மாட்டு வண்டியின் நுகத்தடியை நினைத்துப் பாருங்கள். ஒரு மாடு தளர்ந்தால் நுகம் அந்தப் பக்கம் திரும்பிவிடும். மற்ற மாடு எவ்வளவு முக்கினாலும் வண்டி நேராக நகராது. அதைப் போலத்தான் சேற்றில் விழுந்த சக்கரம் சும்மா சுற்றும், கட்டாந்தரையில் நிற்கும் சக்கரம் அசையாது.

நாலு வீல் டிரைவில் முன் அச்சுக்கும் சக்தி போகிறது. பின்னால் சறுக்கினாலும் முன்னால் பிடிக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸில் 'லோ' என்று இன்னொரு நிலையும் உண்டு. பழைய ஜீப்பில் அது வேகத்தை ஏறத்தாழ இரண்டரையில் ஒரு பங்காகக் குறைத்து, இழுவையை அதே அளவு கூட்டுகிறது. சகதி மேட்டில் என்ஜினை அலற விடாமல் ஊர்ந்து ஏற இதுதான் உதவும்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. முன்னாலும் பின்னாலும் இருப்பவை சாதாரண டிபரன்ஷியல்களே. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம் ஒரே நேரத்தில் சறுக்கினால் நாலு வீல் டிரைவும் நின்றுபோகும்.

சந்தையில் என்ன கிடைக்கும்?

ஜீப் என்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941 முதல் அமெரிக்க ராணுவத்துக்காக ஏராளமாகச் செய்யப்பட்ட வில்லிஸ் வண்டியின் வழி வந்தது. 1940களின் கடைசியில் மஹிந்திரா கம்பெனி அதை உதிரியாக வரவழைத்துப் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. நம் மலைப் பக்கங்களில் இன்றும் ஓடும் பழைய ஜீப்புகள் பெரும்பாலும் அந்த வம்சம்தான். அவற்றில் 1980களில் வந்த எம்.எம். 540 என்னும் டீசல் வண்டியைப் பலரும் விரும்புகிறார்கள். அதில் இருப்பது பெஜோ வகை என்ஜின். ஒரு எச்சரிக்கை: மஹிந்திரா ஜீப் எல்லாம் நாலு வீல் டிரைவ் அல்ல. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தும் பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டிகள் ஏராளம்.

மாருதி ஜிப்ஸி 1985 டிசம்பரில் வந்தது. பெட்ரோல் வண்டி, எடை குறைவு, சகதியில் நன்றாக மிதந்து போகும். முதலில் 970 சி.சி., 1996-ல் வந்த ஜிப்ஸி கிங் 1298 சி.சி. பின்னாளில் பொதுமக்களுக்கான விற்பனை நின்றுவிட்டது. ராணுவத்தில் ஓடி ஏலத்தில் வந்த ஜோங்கா ஜபல்பூர் தொழிற்சாலையில் செய்தது. ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின், 3956 சி.சி. பார்க்க யானை மாதிரி, குடிப்பதும் அப்படியே. 2010-ல் வந்த தார் வண்டிகளும் இப்போது செகண்ட் ஹேண்டில் வருகின்றன. எங்கள் பணத்துக்கு அவை எட்டவில்லை.

எதை வாங்குவது? என் பதில் எளிது. உங்கள் ஊர் மெக்கானிக்குக் கை பழகிய வண்டியை, உதிரிப் பாகம் பக்கத்து ஊரில் கிடைக்கும் வண்டியை வாங்குங்கள். அடைமழையில் வண்டி நின்றால் கம்பெனி வந்து தூக்காது.

முதலில் காகிதம்

1. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் வண்டியில் உள்ளதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். சேஸிஸ் நம்பர் மேல் வெல்டிங்கோ, புதிதாக அரம் போட்ட தடமோ இருந்தால் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

2. என்ஜின் மாற்றியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தயாரித்த கம்பெனி குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-ல் இதை உறுதி செய்தது. பல வண்டிகளின் பாகங்களைச் சேர்த்து 'உருவாக்கிய' ஜீப் அழகாக இருக்கலாம். எப்.சி.க்குப் போகும்போதுதான் அழுகை.

3. சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருஷம். அதற்குப் பிறகு 5 வருஷத்துக்கு ஒரு முறை தகுதி பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் இதற்கான கட்டணம் வெகுவாகக் கூடிவிட்டது. எந்தத் தேதி வரை புதுப்பித்திருக்கிறார்கள் என்று கேட்டு, விலை பேசும்போதே அந்தச் செலவைக் கழிக்க வேண்டும்.

4. நமக்குச் செங்கோட்டை தாண்டினால் கேரளம். அங்கிருந்து ஜீப் மலிவாக வரும். ஆனால் அங்குள்ள அலுவலகத்தில் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், இங்கே வரி கட்ட வேண்டும். பெயர் மாற்றப் படிவம் 29, 30. கடன் இருந்து அடைத்த வண்டி என்றால் படிவம் 35. இதெல்லாம் கையில் வராமல் முழுப் பணத்தையும் கொடுக்கக் கூடாது.

5. வெள்ளை போர்டு வண்டியில் பிறர் சரக்கை வாடகைக்கு ஏற்றுவது சட்டப்படி குற்றம். எங்கள் தோப்புக் காயை நாங்களே ஏற்றுகிறோம் என்பதால்தான் சொந்த உபயோக வண்டி பார்த்தோம். வாடகை ஓட்டும் எண்ணம் உள்ளவர்கள் அதற்குரிய பர்மிட் வண்டியாகப் பார்க்கட்டும்.

அடுத்து சேஸிஸும் என்ஜினும்

காலையில் போங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்து பழக்கியிருக்கிறார்கள். ஆறிய என்ஜின் எப்படி எழும்புகிறது என்பதுதான் மார்கழிக் காலையில் நமக்கு வேண்டியது. ஹீட்டர் பிளக் உள்ள டீசல் என்ஜின் என்றால் அது வேலை செய்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

புகையைப் பாருங்கள். ஆறிய டீசல் என்ஜினில் முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை வரலாம், சூடானதும் நிற்க வேண்டும். நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட்டில் கோளாறு இருக்கலாம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று தள்ளக் கூடாது. தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது.

பிறகு அடியில் படுங்கள். வெட்கம் வேண்டாம், சட்டையைத் துவைத்துக்கொள்ளலாம். ஜீப்புக்கு முதுகெலும்பு சேஸிஸ்தான். ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடங்களில் துரு, விரிசல், ஒட்டு வெல்டிங் இருக்கிறதா என்று ஸ்பானரால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு 'கிண்' என்று சொல்லும். அரித்த இரும்பு 'பொத்' என்று சொல்லும்.

முக்கியமான சோதனை

இதற்குத்தான் இந்தக் கட்டுரையே. தயவுசெய்து கவனமாகப் படியுங்கள்.

முதலில் கண்ணால்: டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன் அச்சு வரை பிரொப்பெல்லர் ஷாப்ட் முழுசாக இருக்க வேண்டும். அதைக் கையால் ஆட்டினால் கிராஸில் கடகட ஆட்டம் இருக்கக் கூடாது.

அடுத்து ஜாக்கி சோதனை: சமதரையில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்து, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைக்க வேண்டும். ஒரே ஒரு முன் சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, அச்சுக்கு ஸ்டாண்ட் கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. இரண்டு வீல் நிலையில் லீவர் இருக்கும்போது தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றினால் சுற்ற வேண்டும். இப்போது நாலு வீல் நிலைக்கு லீவரைத் தள்ளி, முதல் கியரையும் போடுங்கள். மறுபடி சுற்றிப் பாருங்கள். கொஞ்சம் ஆடி நின்றுவிட வேண்டும். அப்போதும் தாராளமாகச் சுற்றினால் லீவருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் எங்கேயோ தொடர்பு அறுந்திருக்கிறது. ஜிப்ஸி போல முன் சக்கர நடுவில் ஃப்ரீ வீல் ஹப் உள்ள வண்டியில் அதை 'லாக்' செய்த பிறகுதான் இப்படிப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல வண்டியைக் குறை சொல்லிவிடுவோம். மற்ற முன் சக்கரத்தையும் இப்படியே பார்க்க வேண்டும்.

மூன்றாவது ஓட்டம்: மணல் அல்லது சகதியில் நாலு வீல் போட்டு நேராக ஓட்டச் சொல்லுங்கள். நீங்கள் வெளியே நின்று முன் சக்கரமும் மண்ணை வாருகிறதா என்று பாருங்கள். 'லோ' நிலையிலும் ஒரு மேடு ஏற்றிப் பார்க்க வேண்டும். லீவர் தானாகக் கழன்று வெளியே வந்தால் உள்ளே பல் தேய்ந்திருக்கிறது. காய்ந்த தார் ரோட்டில் இந்தச் சோதனை கூடாது. முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டியிருக்கும்போது வளைத்தால் சக்கரங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். ஸ்டியரிங் இறுகும், கியர் பல்லுக்குக் கேடு. அதே காரணத்தால் நாலு டயரும் ஒரே அளவில் இருக்க வேண்டும். முன்னால் புதுசு, பின்னால் வேறு சைஸ் என்றால் சந்தேகப்படுங்கள்.

நாலாவது ஆயில்: முன், பின் ஹவுசிங் ஆயிலைத் துளி எடுத்துப் பாருங்கள். பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அந்த வண்டி ஓடையில் நிறைய நாள் குளித்திருக்கிறது என்று அர்த்தம்.

கடைசியாகப் பிரேக்

நாலு வீல் டிரைவ் வண்டியைக் கிளப்பும், நிறுத்தாது. நிறுத்துவது பிரேக்கும் டயரும்தான். எந்த வண்டிக்கும் பிரேக் நாலு சக்கரத்திலும்தானே இருக்கிறது! இமாசலப் பிரதேசத்தில் அடல் சுரங்கப் பாதைப் பக்கம் பனி கொட்டினால் நாலு வீல் டிரைவ் வண்டிகளையும், சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிகளையும் மட்டும் விடுவார்கள். ஏறிப் போன தைரியத்தில் இறக்கத்தில் வேகமாக வந்தால் அந்த வண்டியும் சறுக்கத்தான் செய்யும். நம் ஊர்ச் சகதிக்கும் இதே விதி. பழைய ஜீப்பின் டிரம் பிரேக் தண்ணீரில் நனைந்தால் பிடிக்காது. ஓடை தாண்டியதும் மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை லேசாக மிதித்து உலர்த்த வேண்டும்.

எங்கள் ஜீப்

ஆவணியில் ஒரு எம்.எம். 540 பார்த்தோம். பெயின்ட் வெளுத்துப்போய், சீட்டு கிழிந்து கிடந்தது. அப்பாவுக்கு மனசே இல்லை. நான் அடியில் படுத்தேன். ஜாக்கி போட்டேன். லீவரைத் தள்ளச் சொல்லிச் சக்கரத்தைச் சுற்றினேன். சுவரைத் தள்ளுவது போல் நின்றது. "அப்பா, நீங்களும் ஒரு தடவ சுத்திப் பாருங்க" என்றேன். குனிந்து இரண்டு கையாலும் முயன்றார். நிமிர்ந்து வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, "இது பிடிச்சிருக்குய்யா" என்றார். சக்கரத்தைச் சொன்னாரா, வண்டியைச் சொன்னாரா தெரியவில்லை.

ஐப்பசி மழையில் ஜீப் நான்கு மூடை காயோடு சகதியை அறுத்துக்கொண்டு வந்தது. அம்மா தோப்பு வாசலில் நின்று சிரித்தாள். அவள் சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது. ஆனால் இந்த வருஷம் ஒரு காய்கூட மழையால் அழுகவில்லை.

ஒரு நாள் மட்டும் ஓடையில் தண்ணீர் செம்மண் நிறத்தில் முழங்காலுக்கு மேல் போயிற்று. நான்தான், "நாலு வீல் இருக்கேப்பா, போயிரலாம்" என்றேன். அப்பா என்ஜினை அணைத்துவிட்டார். "தண்ணி தூக்கிருச்சுன்னா நாலு சக்கரமும் சும்மாதாம்லே சுத்தும்" என்றார். ஓடும் தண்ணீர் இரண்டு அடி உயரம் இருந்தால் பெரும்பாலான வண்டிகளை அது அடித்துச் சென்றுவிடும் என்று நான் பின்னால் படித்தேன். அப்பா அதைப் படிக்காமலே அறிந்திருக்கிறார். இரண்டு மணி நேரம் மழையில் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் வடிந்த பிறகு கடந்தோம்.

ஆகவே நண்பர்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது பழைய ஜீப் வாங்கப் போனால் கூடப் போங்கள். நாம் படிக்கிற படிப்புக்கு அது ஒரு செய்முறைத் தேர்வு. பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், லீவரையும் நம்பாதீர்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். அட்வான்ஸ் அதற்குப் பிறகு.



– இரண்டாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு